மணிக்கட்டு வலி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால் பலரும் மணிக்கட்டைச் சுற்றி விரலால் ஒரு வட்டம் போட்டுக் காட்டுவார்கள். அந்த வட்டத்துக்குள் எட்டுச் சிறிய எலும்புகள், முன்கை எலும்புகள் இரண்டின் நுனிகள், இவற்றைப் பிணைக்கும் லிகமெண்ட்கள், மணிக்கட்டைக் கடந்து போகும் இருபதுக்கும் மேற்பட்ட தசைநாண்கள், நரம்புகள், ரத்தக் குழாய்கள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. ஒற்றை விரல் நுனியால் தொட்டுக் காட்டச் சொன்னால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும். எப்போது வலிக்கிறது என்று சொன்னால் மீதியும் பெரும்பாலும் வந்துவிடும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளைச் சுற்றியே வருகின்றன.

வண்டி சறுக்கி விழும்போது கையை ஊன்றிவிட்டேன். வீக்கம் அதிகம் இல்லை, விரல்கள் எல்லாம் அசைகின்றன. சுளுக்குதானே?

இருக்கலாம். ஆனால் "விரல் அசைந்தால் எலும்பு உடையவில்லை" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதை மணிக்கட்டு விஷயத்தில் நம்ப வேண்டாம். விரல்களை இழுக்கும் பெரிய தசைகள் முன்கையில் இருக்கின்றன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரலுக்குப் போகின்றன. நடுவில் ஒரு சின்ன எலும்பில் விரிசல் விழுந்திருந்தாலும் விரல் பாட்டுக்கு அசையும்.

கையை ஊன்றி விழும்போது அந்தச் சின்ன எலும்புகளில் அதிகம் உடைவது ஸ்காஃபாய்டு. கட்டைவிரல் பக்கம் இருப்பது. இளவயது ஆண்களிடம்தான் இதை நிறையப் பார்க்கலாம்: பைக், கபடி, கிரிக்கெட், படிக்கட்டில் அவசரம். வீட்டிலேயே பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. கையை மேசைமேல் சுண்டுவிரல் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து, கட்டைவிரலை நன்றாகப் பின்னால் விரியுங்கள். அதன் அடியில் இரண்டு நாண்கள் புடைத்து எழும், நடுவே ஒரு குழி விழும். குழிக்கு அடியில் இருப்பதுதான் ஸ்காஃபாய்டு. அங்கே விரல் நுனியால் அழுத்துங்கள். அடிபடாத கையிலும் அதே இடத்தில் அதே அளவு அழுத்திப் பாருங்கள், ஏனென்றால் அழுத்தினால் எல்லோருக்கும் அங்கே கொஞ்சம் வலிக்கும். அடிபட்ட கையில் மட்டும் சுருக்கென்று தெறித்தால், முறிவு இல்லை என்று உறுதியாகும்வரை முறிவு என்றே மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். அழுத்தி வலிக்கவில்லை என்பதால் முறிவே இல்லை என்று நீங்களாக முடிவு கட்டிவிடவும் கூடாது.

இந்த எலும்புக்கு இவ்வளவு மரியாதை கொடுப்பதற்குக் காரணம் அதன் ரத்த ஓட்டம். பெரும்பகுதி ரத்தம் விரல் பக்கத்து முனையில் நுழைந்து, பின்னோக்கி முன்கை பக்கத்து முனைக்கு வருகிறது. பின்முனை, வாய்க்காலின் கடைமடை வயல் மாதிரி. நடுவில் உடைந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. எலும்பு ஒட்டாமல் நின்றுவிடலாம், பின்பாதி செத்தும் போகலாம். வலி சில வாரங்களில் மட்டுப்படும், ஆள் மறந்துவிடுவார். சில வருடங்கள் கழித்துத் தேய்மானத்தோடு வந்து நிற்பார். முப்பது வயதில் மணிக்கட்டுத் தேய்மானம் என்றால் அவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எப்போதாவது கையை ஊன்றி விழுந்தீர்களா?"

எக்ஸ்ரே எடுத்தேன், ஒன்றும் இல்லை என்றார்கள். ஆனால் வலி போகவில்லை.

ஸ்காஃபாய்டு விரிசல் முதல் நாள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது புதிதல்ல. அதனால்தான் சந்தேகம் இருந்தால் மாவுக்கட்டோ, கையை அசையாமல் பிடிக்கும் ஸ்ப்ளின்ட்டோ போட்டு அனுப்பி, 10 முதல் 14 நாள் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். அதற்குள் விரிசலின் ஓரங்கள் கரைந்து கோடு தெரிய ஆரம்பிக்கும். வசதி இருந்தால் எம்.ஆர்.ஐ. உடனேயே சொல்லிவிடும். நகராத முறிவுக்கு வழக்கமாக 6 முதல் 12 வாரம் மாவுக்கட்டு. எலும்பு நகர்ந்திருந்தாலோ பின்முனையில் உடைந்திருந்தாலோ ஸ்க்ரூ வைத்து முடுக்குவதைப் பற்றிப் பேசுவார்கள்.

எலும்பே உடையாமல் லிகமெண்ட் அறுந்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஸ்காஃபாய்டையும் பக்கத்தில் உள்ள பிறை வடிவ லூனேட் எலும்பையும் பிணைக்கும் லிகமெண்ட் அறுந்தால், சாதாரண எக்ஸ்ரேயில் பல நேரம் தெரியாது. முஷ்டியை இறுக மூடிக்கொண்டு எடுத்தால் இரண்டு எலும்புகளுக்கு நடுவே இடைவெளி விழுவது தெரியும். ஆகவே, "ஒன்றும் இல்லை" என்ற ரிப்போர்ட்டை அன்றைக்கு அந்தப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று படியுங்கள். இரண்டு வாரம் கழித்தும் கையை ஊன்ற முடியவில்லை என்றால் திரும்பப் போக வேண்டும். "முன்னாடியே பார்த்தாச்சு" என்று இருந்துவிடுவதில்தான் நிறையக் கைகள் கெடுகின்றன.

அம்மாவுக்கு 62 வயது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு கோணலாகிவிட்டது.

இது பெரும்பாலும் முன்கையில் கட்டைவிரல் பக்கம் உள்ள ரேடியஸ் எலும்பின் நுனி முறிவு. அயர்லாந்து அறுவை சிகிச்சை நிபுணர் ஆபிரகாம் காலிஸ் 1814-இல் இதை விவரித்து எழுதினார். எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது 1895-இல் என்பதை நினைத்தால், கையைத் தொட்டுத் தடவியே அவர் எவ்வளவு புரிந்துகொண்டிருக்கிறார் என்று வியப்பாக இருக்கும். எலும்பை இழுத்து நேராக்கி ஐந்தாறு வாரம் மாவுக்கட்டு போடுவது வழக்கமான சிகிச்சை. மூட்டுக்குள் நொறுங்கியிருந்தாலோ நேராக்கியும் நிற்கவில்லை என்றாலோ உலோகத் தகடு (பிளேட்) வைப்பார்கள்.

கட்டு போட்ட பிறகு பலர் செய்வது, கழுத்தில் தொங்கும் துணித் தொட்டிலில் (ஸ்லிங்) கையை மாட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடுவது. விரல்களை முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்ட வேண்டும். முழங்கையையும் தோளையும் அசைக்க வேண்டும். இல்லாவிட்டால் எலும்பு ஒட்டியிருக்கும், விரல் மடங்காது, தோளும் பிடித்துக்கொண்டிருக்கும்.

இன்னொன்று, பெரும்பாலும் விட்டுப்போவது. நின்ற நிலையிலிருந்து விழுந்ததற்கே எலும்பு உடைந்திருக்கிறது என்றால் எலும்பு பலவீனமாக இருக்கலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்புச் சிதைவின் முதல் அடையாளமாக மணிக்கட்டுதான் அடிக்கடி உடைகிறது. இடுப்பு அதற்குப் பிறகு வரும். கட்டு பிரித்ததும் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்க வேண்டுமா, வைட்டமின் டி எப்படி இருக்கிறது என்று நீங்களாகவே கேளுங்கள்.

நாட்டுக் கட்டு போடலாமா?

சென்னையிலும் வட மாவட்டங்களிலும் புத்தூர் கட்டின் மீது மக்களுக்கு இருக்கும் நம்பிக்கை தெரியும். செலவு குறைவு, காத்திருக்க வேண்டாம், பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியாகியிருக்கும். நகராத எளிய முறிவு எந்தக் கட்டிலும் ஒட்டும் என்பதும் உண்மை. சிக்கல் என்னவென்றால், முறிவு எளியதா இல்லையா என்பது எக்ஸ்ரே இல்லாமல் தெரியாது. முதலில் படம் எடுத்து விடுங்கள்.

எந்தக் கட்டாக இருந்தாலும், மருத்துவமனை மாவுக்கட்டுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், போட்ட பிறகு விரல்கள் வீங்கி நீலமாகவோ வெளிறியோ போனாலும், மரத்துப் போனாலும், விரலைப் பிறர் நீட்டிவிட்டாலே உயிர் போகும்படி வலித்தாலும் காலைவரை காத்திருக்கக் கூடாது. இறுகிய கட்டுக்குள் ரத்த ஓட்டம் தடைப்பட்டால் சில மணி நேரத்தில் தசை அழிய ஆரம்பித்துவிடும். பிறகு கை கொக்கி போட்டபடியே நின்றுவிடும்.

பையன் விளையாடும்போது விழுந்தான். குழந்தைகளுக்குச் சீக்கிரம் ஒட்டிவிடுமாமே?

ஒட்டும். எலும்பு லேசாக நசுங்கிய முறிவு மூன்று நான்கு வாரத்தில் சரியாகிவிடும், சாதாரண ஸ்ப்ளின்ட் போதும். ஆனால் குழந்தைகளுக்கு எலும்பு நுனியில் வளர்ச்சித் தகடு இருக்கிறது. அதில் அடிபட்டிருந்தால் கவனிக்க வேண்டும். வலிக்கும் கையைப் பிள்ளை உபயோகிக்காமலே ஒதுக்கி வைத்திருந்தால் எக்ஸ்ரே எடுங்கள்.

ராத்திரி இரண்டு மணிக்கு கை மரத்துப் போய் எழுப்பிவிடுகிறது. உதறினால் சரியாகிறது. ரத்த ஓட்டம் இல்லையா?

ரத்த ஓட்டம் அல்ல, நரம்பு. நீங்கள் சொன்னதிலேயே நோயின் பெயர் இருக்கிறது: கார்பல் டனல் சிண்ட்ரோம். "எழுந்ததும் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால் வாயால் சொல்லாமல் கையை உதறிக் காட்டுவார்கள். அந்த உதறலே நல்ல தடயம்.

மணிக்கட்டின் உள்பக்கம் எலும்புகளும் மேலே ஒரு கெட்டியான பட்டையும் சேர்ந்து ஒரு குறுகிய பாதையை உண்டாக்குகின்றன. அதற்குள் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் போகின்றன. நாண்களின் உறை கொஞ்சம் வீங்கினாலும் நசுங்குவது நரம்புதான். தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கிப் படுப்போம், அழுத்தம் கூடும். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலின் பாதி ஆகியவை மதமதக்கும். சுண்டுவிரல் இதில் சேராது. உங்களுக்குச் சுண்டுவிரலும் மோதிர விரலும்தான் மரக்கிறது என்றால் முழங்கையில் நரம்பு அழுந்துகிறதா என்று பார்க்க வேண்டும். கழுத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்தால் கழுத்து நரம்பைப் பார்க்க வேண்டும். இரண்டு பாதமும் எரிந்து மதமதத்து, பிறகு கைக்கும் வந்திருந்தால் சுகரால் வரும் நரம்புப் பாதிப்பாக இருக்கலாம்.

இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து, விரல்கள் தரையைப் பார்க்க, மணிக்கட்டை ஒரு நிமிடம் மடக்கி வைத்துப் பாருங்கள். அதே விரல்களில் குறுகுறுப்பு வந்தால் சந்தேகம் வலுக்கிறது. நரம்பு எந்த அளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல நெர்வ் கண்டக்ஷன் டெஸ்ட் எடுப்பார்கள்.

இது நடுத்தர வயதுப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, முடக்குவாதம், உடல் பருமன் ஆகியவை இதற்கு வழி விடுகின்றன. ஆகவே கையைக் காட்டப் போனவரிடம் சுகரும் தைராய்டும் பார்க்கச் சொன்னால் "டெஸ்ட் எழுதியே பணம் பறிக்கிறார்கள்" என்று கோபப்பட வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு நீர் கோர்ப்பதால் கடைசி மாதங்களில் வரும், பிரசவத்துக்குப் பிறகு பெரும்பாலும் தானாகவே போய்விடும்.

ஆரம்ப நிலையில் செய்ய வேண்டியது மிகவும் எளிது. மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் ஸ்ப்ளின்ட்டை ராத்திரி மட்டும் குறைந்தது ஆறு வாரம் போட்டுக்கொள்ள வேண்டும். அது போதாதவர்களுக்கு ஸ்டீராய்டு ஊசி. அதுவும் நிற்கவில்லை என்றால் அந்தப் பட்டையை வெட்டிவிடும் சிறிய ஆபரேஷன், பல நேரம் உள்ளூர் மயக்க மருந்திலேயே முடிந்துவிடும். ஆபரேஷன் என்றதும் தள்ளிப்போடுவார்கள். தள்ளிப்போடக் கூடாத கட்டம் ஒன்று இருக்கிறது. கட்டைவிரலின் அடியில் உள்ளங்கை மேடு வற்ற ஆரம்பித்தாலோ, சட்டைப் பொத்தான் போட முடியாமல் போனாலோ, மதமதப்பு பகலிலும் நீங்காமல் இருந்தாலோ நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. வற்றிய தசை ஆபரேஷனுக்குப் பிறகு முழுதாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தர முடியாது.

பிரசவமாகி மூன்று மாதம். பாப்பாவைத் தூக்கும்போது கட்டைவிரல் பக்கம் சுரீர் என்கிறது. பால் கொடுக்கும்போது 'வாயு' பிடித்துவிட்டது என்கிறார்கள்.

வாயு இல்லை. கட்டைவிரலை விரிக்கும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்து, நாண்கள் சிக்கி உரசுவதுதான் வலி. சுவிட்சர்லாந்து மருத்துவர் ஃப்ரிட்ஸ் டி குவர்வெய்ன் 1895-இல் விவரித்ததால் அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். கட்டைவிரலை மற்ற நான்கு விரல்களுக்குள் மடக்கிப் பிடித்து, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாயுங்கள். இந்த நோய் இருந்தால் பாதி தூரம் போகும்முன்பே கையை இழுத்துக்கொள்வீர்கள்.

குழந்தையின் இரு அக்குள்களிலும் கை கொடுத்து, கட்டைவிரலை விரித்துத் தூக்குகிறோம் இல்லையா, அதைத்தான் நாண்கள் தாங்க மாட்டேன் என்கின்றன. ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் மறு கையைத் தலைக்கும் கழுத்துக்கும் அடியிலும் கொடுத்து, உள்ளங்கை மேல் பார்க்க அள்ளித் தூக்குங்கள். கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் ஸ்ப்ளின்ட் சில வாரம் போட வேண்டும், கட்டைவிரலை விட்டுவிட்டு மணிக்கட்டை மட்டும் பிடிக்கும் பெல்ட் இதற்கு உதவாது. ஸ்டீராய்டு ஊசி பலருக்கு நன்றாகவே கேட்கிறது. ஊசி போட்ட இடத்தில் தோல் வெளுக்கக்கூடும், நம் நிறத்துக்கு அது பளிச்சென்று தெரியும், முன்பே தெரிந்துகொண்டு போடுவது நல்லது. சுகர் உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள் அளவு ஏறும்.

எதிலும் முக்கியமானது, துணி பிழிவதையும் தண்ணீர்க் குடம் தூக்குவதையும் வீட்டில் வேறு யாராவது செய்வது. மருந்துச் சீட்டில் இதை எழுத முடியாததால் யாரும் எடுத்துக்கொள்வதில்லை.

எல்லாம் செல்போனாலும் கம்ப்யூட்டராலும் வருவதுதானே?

பழி போட எளிதான ஆள் அது. மணிக்கணக்கில் கட்டைவிரலால் தட்டினால் கட்டைவிரல் பக்கம் வலிக்கலாம். மணிக்கட்டை மடக்கி வைத்து மவுஸ் பிடித்தால் இருக்கிற தொல்லை கூடும். ஆனால் கீபோர்டு தட்டுவதால் கார்பல் டனல் வருகிறது என்பதற்கு ஆதாரம் வலுவாக இல்லை. அழுத்திப் பிடித்துத் திரும்பத் திரும்பச் செய்யும் வேலைக்கும், அதிரும் கருவிகளுக்கும் ஆதாரம் அதைவிட வலு. கல் உடைக்கும் டிரில் பிடிப்பவர், கிரைண்டிங் மிஷின் ஓட்டுபவர், நாள் முழுக்கப் பரோட்டா மாவு அடிப்பவர், கனமான கத்தரியால் துணி வெட்டுபவர் இவர்களுடைய கைகளைப் பற்றி எழுதுவோர் குறைவு. ஐ.டி. ஊழியருக்கு 'எர்கோனாமிக்' நாற்காலி கிடைக்கிறது, டிரில் பிடிப்பவருக்கு ஒரு கையுறைகூடக் கிடைப்பதில்லை.

மணிக்கட்டின் மேல் கோலிக்குண்டு அளவில் கட்டி. புற்றுநோயா?

புறங்கைப் பக்கம், மணிக்கட்டை மடக்கினால் துருத்திக்கொண்டு, சில நாள் பெரிதாகவும் சில நாள் சிறிதாகவும் தெரிந்தால் அநேகமாக கேங்லியான். மூட்டிலிருந்து பிதுங்கிய, பசை போன்ற திரவம் நிறைந்த பை. புற்றுநோய் இல்லை, பல கட்டிகள் தானாகவே மறையும். ஊசியால் உறிஞ்சினால் திரும்ப வருவது சகஜம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் கனத்த பைபிளால் ஓங்கி அடித்து உடைப்பார்களாம், வீட்டில் யாருக்கும் அந்த யோசனை வர வேண்டாம். வலித்தாலோ வேகமாக வளர்ந்தாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

சுண்டுவிரல் பக்கம் வலிக்கிறது. கதவுக் குமிழைத் திருப்பினால், துணி பிழிந்தால் 'க்ளக்' என்கிறது.

அந்தப் பக்கம் முன்கை எலும்புக்கும் மணிக்கட்டுக்கும் இடையே முக்கோண வடிவில் ஒரு குருத்தெலும்புச் சவ்வு இருக்கிறது. கையை முறுக்கியபடி விழுந்தாலோ, வயதானால் தேய்ந்தோ அது கிழியலாம். நாற்காலிக் கையை அழுத்தி எழும்போது வலிப்பது இதன் குணம். சவ்வின் ஓரத்துக்குத்தான் ரத்த ஓட்டம், அங்கே கிழிந்தால் ஆறும். நடுப்பகுதி தானாக ஆறாது, ஆனாலும் ஓய்விலும் பயிற்சியிலும் பலருக்கு வலி அடங்கிவிடுகிறது.

விழவும் இல்லை, அடியும் இல்லை. இரண்டு மணிக்கட்டும் காலையில் இறுகிப்போய், பேஸ்ட் மூடியைக்கூடத் திறக்க முடியவில்லை.

இறுக்கம் எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். பத்து நிமிடத்தில் விட்டுவிட்டால் தேய்மானமாக இருக்கலாம். அரை மணி, ஒரு மணி என்று போனால், அதுவும் இரண்டு கையிலும் விரல் மூட்டுகளோடு சேர்ந்து வீங்கினால், முடக்குவாதத்துக்கான ரத்தப் பரிசோதனை எடுக்க வேண்டும். இது மூட்டை அரிக்கும் நோய். ஆரம்ப மாதங்களிலேயே மருந்து தொடங்கினால் மூட்டைக் காப்பாற்றலாம். வலி மாத்திரையைக் கடையில் வாங்கிப் போட்டே காலத்தை ஓட்டினால், வலி அடங்கியிருக்கும், மூட்டு அரிபட்டுக்கொண்டே இருக்கும்.

சமீபத்தில் காய்ச்சல் வந்ததா என்பதையும் யோசியுங்கள். 2006-இல் தமிழ்நாட்டை ஆட்டிப்படைத்த சிக்குன்குனியா, காய்ச்சல் போன பிறகும் மணிக்கட்டையும் கணுக்காலையும் மாதக்கணக்கில் விடாது. காய்ச்சல் இருக்கும்போது டெங்கு இல்லை என்று தெரியும்வரை பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக் கசிவைக் கூட்டிவிடும்.

ஒரே ராத்திரியில் வீங்கிச் சிவந்து, போர்வை பட்டாலே வலிக்கிறது.

யூரிக் அமிலம் படியும் கவுட் மணிக்கட்டிலும் வரும். அறுபது தாண்டியவர்களுக்குக் கால்சியம் படிகங்களாலும் இதே மாதிரி வரும். ஆனால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருந்தாலும் பார்க்க இப்படியேதான் இருக்கும், அதுவும் காய்ச்சலோடு வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. மூட்டு நீரை ஊசியில் எடுத்துப் பார்த்தால்தான் எது என்று தெரியும். சீழ் என்றால் குருத்தெலும்பு நாட்கணக்கில் கரைந்துவிடும்.

தைலம் தேய்த்து நீவி விடலாமா? ஐஸா, வெந்நீரா?

புதிதாக அடிபட்டதை நீவவே கூடாது. சுளுக்கு எடுக்கிறேன் என்று இழுத்தால் நகராத முறிவும் நகரும். முதல் இரண்டு நாள் துணியில் சுற்றிய ஐஸ், ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். மோதிரம், வளையல், கயிறு எல்லாவற்றையும் வீங்கும் முன்பே கழற்றுங்கள், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டிவரும். வெந்நீர் ஒத்தடம் பழைய இறுக்கத்துக்கு இதமாக இருக்கும், சிவந்து சூடாக இருக்கும் மூட்டுக்கு வேண்டாம்.

பெல்ட் போட்டுக்கொண்டே இருக்கலாமா?

காரணம் தெரிந்து, காலம் குறித்துப் போடுங்கள். வருடக்கணக்கில் போட்டால் முன்கைத் தசை மெலியும், மூட்டும் இறுகும்.

எந்த டாக்டரைப் பார்ப்பது, என்ன சொல்வது?

அடிபட்டிருந்தால் எலும்பு மருத்துவர். அடிபடாமல் பல மூட்டுகளில் வலி என்றால் மூட்டுவாத நிபுணர், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் பலவற்றில் இதற்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. கை கோணலாகத் தெரிந்தால், எலும்பு தோலைக் கிழித்திருந்தால், விரல்கள் குளிர்ந்து வெளிறினால் எந்த டாக்டர் என்று யோசிக்காமல் நேரே அவசரப் பிரிவு.

போகும்போது விரல் நுனியால் இடத்தைக் காட்டுங்கள். ராத்திரியா, காலையா, தூக்கும்போதா, ஊன்றும்போதா என்று சொல்லுங்கள். வலது கைப் பழக்கமா இடது கைப் பழக்கமா, என்ன வேலை செய்கிறீர்கள் என்று அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். முன்பு எக்ஸ்ரே எடுத்திருந்தால் ஃபிலிமையே கொண்டுபோங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துச் செல்போனில் எடுத்த படத்தில் மயிரிழை விரிசல் தெரியாது.